அச்சுக்கோப்பு மென்பொருட்களில் வரி முறிப்பும் சொற்பிரிப்பும்

வரி முறிப்பு என்பது ஒரு பத்தியில் உள்ள சொற்களை எந்தெந்த இடங்களில் நிறுத்தி அடுத்த வரியைத் தொடங்குவது எனத் தீர்மானிக்கும் செயலாகும். வரியின் இறுதியில் ஒரு சொல் முழுமையாக அடங்காதபோது, அதனை எந்த எழுத்தை அடுத்துப் பிரிக்கலாம் எனத் தீர்மானிப்பது சொற்பிரிப்பு எனப்படும். அச்சுக்கோப்பு மென்பொருட்கள் இவ்விரண்டையும் தாமாகவே செய்கின்றன. ஒரே உரை, ஒரே எழுத்துரு, ஒரே வரி அகலம் ஆகியவற்றைக் கொடுத்தாலும் வெவ்வேறு மென்பொருட்கள் வெவ்வேறு தோற்றமுள்ள பத்திகளைத் தருகின்றன. இவ்விரு செயல்களிலும் அவை கையாளும் முறைகளே அதற்கு முதன்மையான காரணமாகும்.

வரிவரியாக முடிவெடுப்பவை, முழுப் பத்தியையும் ஒருசேர ஆராய்ந்து முடிவெடுப்பவை என இம்மென்பொருட்களை இரு பெரும் பிரிவுகளாக வகுக்கலாம். துராஃப், குரூஃப், பெரும்பாலான சொற்செயலிகள் ஆகியன முதற்பிரிவைச் சேர்ந்தவை. டெக், அதன் வழிவந்த மென்பொருட்கள், அடோபி இன்டிசைன், டைப்ஸ்ட் ஆகியன இரண்டாம் பிரிவைச் சேர்ந்தவை.

சிக்கலின் தன்மை

நூல்களிலும் செய்தித்தாள்களிலும் வரிகளின் இடப்புற ஓரமும் வலப்புற ஓரமும் நேர்கோட்டில் அமையுமாறு அச்சிடுவது வழக்கம். இது இருபுறச் சீர்மை எனப்படும். சொற்களின் மொத்த அகலம் வரிக்கு வரி வேறுபடுவதால், ஒவ்வொரு வரியிலும் எஞ்சும் இடம் சொற்களுக்கு இடையேயுள்ள வெளிகளுக்குப் பங்கிடப்படுகிறது. வரியை எங்கு முறிப்பது என்ற தேர்வு சரியாக அமையாவிடின் பின்வரும் குறைகள் தோன்றுகின்றன:

- சில வரிகளில் சொற்கள் ஒன்றுக்கொன்று வெகுதொலைவில் நிற்றல். அடுத்த வரியிலேயே மிக நெருங்கி நிற்றல்.
- பல வரிகளின் இடைவெளிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்து பக்கத்தில் வெள்ளைக் கோடுகளாக ஓடுதல். அச்சுத் துறையில் இவை ஆறுகள் எனப்படுகின்றன.
- தொடர்ச்சியான பல வரிகள் சிறுகோட்டில் முடிந்து, வலப்புற ஓரம் ஏணிபோலத் தோன்றுதல்.
- பிரிந்த சொல்லின் முற்பகுதி வேறொரு பொருளைத் தந்து வாசகரைத் திசைதிருப்புதல்.

இக்குறைகள் அழகு மட்டும் சார்ந்தவை அல்ல. சொல்லிடைவெளி வரியிடைவெளியை விட அகன்றால் கண் அடுத்த சொல்லுக்குச் செல்வதற்குப் பதிலாகக் கீழ்வரிக்கு இறங்கிவிடுகிறது. தவறாகப் பிரிந்த சொல்லை வாசகர் திரும்பிச் சென்று மீண்டும் படிக்க வேண்டியுள்ளது.

ஈய எழுத்துக்களைக் கையால் கோத்த காலத்தில், வரி அமைந்த விதத்தைக் கோப்பவரே கண்ணால் பார்த்து முடிவு செய்தார். தேவைப்பட்டால் முந்தைய வரியையும் அவிழ்த்துச் சரிசெய்தார். 15ஆம் நூற்றாண்டில் கூட்டன்பர்க் அச்சிட்ட 42 வரி விவிலியத்தில், ஒரே எழுத்துக்கு வெவ்வேறு அகலமுள்ள அச்சுக்களும், கூட்டெழுத்துக்களும், சுருக்கக் குறிகளும் பயன்படுத்தப்பட்டு வரிகள் சீராக நிரப்பப்பட்டன. பின்னர் இம்முடிவுகள் கணினியிடம் விடப்பட்டபோது, கோப்பவரின் கண்ணுக்கு ஈடாக எந்தக் கணக்கை வைப்பது என்ற கேள்வி எழுந்தது.

வரலாறு

பெல் ஆய்வுக்கூடங்களில் ஜோ ஒசான்னா 1973ஆம் ஆண்டில் துராஃப் என்னும் நிரலை யுனிக்சு இயங்குதளத்திற்காக எழுதினார். ஒளி அச்சுக்கோப்பு இயந்திரத்தை இயக்குவதற்காக எழுதப்பட்ட இந்நிரல், ஒரு வரி நிரம்பியவுடன் அதனை வெளியிட்டுவிட்டு அடுத்த வரிக்குச் சென்றது. அக்காலக் கணினிகளின் நினைவகம் மிகச் சிறியது என்பதால் இது இயல்பான தேர்வாக இருந்தது.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்டு குனூத், தமது கணினி நிரலாக்கக் கலை நூல்வரிசையின் இரண்டாம் தொகுதிக்கான புதிய பதிப்பின் மெய்ப்புகளை 1977ஆம் ஆண்டில் பெற்றார். முதற்பதிப்பு ஈய எழுத்தில் அச்சானது. புதிய பதிப்போ ஒளி அச்சுக்கோப்பில் உருவாகியிருந்தது. அதன் தரம் மனநிறைவு தராமையால் அவர் தாமே ஓர் அச்சுக்கோப்பு மென்பொருளை உருவாக்க முற்பட்டார். அதுவே டெக் ஆகும். இதன் முதல் வடிவம் 1978ஆம் ஆண்டிலும், முற்றிலும் திருத்தி எழுதப்பட்ட வடிவம் 1982ஆம் ஆண்டிலும் வெளிவந்தன.

டெக் பயன்படுத்தும் வரி முறிப்புப் படிமுறையைக் குனூத்தும் அவருடைய மாணவர் மைக்கேல் பிளாசும் 1981ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்டனர். குனூத்தின் மற்றொரு மாணவரான பிராங்க் லியாங், சொற்பிரிப்புப் பற்றிய தமது முனைவர் பட்ட ஆய்வேட்டை 1983ஆம் ஆண்டில் அளித்தார். பின்னர் வந்த மென்பொருட்கள் பலவும் இவ்விரு ஆய்வுகளில் ஒன்றையோ இரண்டையுமோ அடிப்படையாகக் கொண்டுள்ளன.

முதற்பொருத்த முறை

வரிவரியாக முடிவெடுக்கும் முறை முதற்பொருத்த முறை எனப்படும். கணிமையில் இது பேராசைப் படிமுறை வகையைச் சேர்ந்தது. ஒரு வரியில் எத்தனை சொற்கள் அடங்குமோ அத்தனையையும் அவ்வரியில் வைத்துவிட்டு, அடங்காத முதற்சொல்லுடன் அடுத்த வரியைத் தொடங்குவதே இம்முறையாகும். ஒரு வரியை முடித்த பின் அதனை இம்முறை திரும்பிப் பார்ப்பதில்லை.

இதற்குச் சில நன்மைகள் உண்டு. இது எளிமையானது, விரைவானது, இடைவெளிகளைச் சுருக்காத நிலையில் மிகக் குறைந்த எண்ணிக்கையிலான வரிகளைத் தருகிறது. தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போது திரையில் மேலே உள்ள வரிகள் பெரும்பாலும் அசைவதில்லை. சொற்செயலிகள் இம்முறையைப் பெரிதும் பயன்படுத்துவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இதன் குறைபாட்டைப் பின்வரும் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு வரியில் 12 எழுத்துக்கள் அடங்கும் எனவும், எல்லா எழுத்துக்களும் ஒரே அகலமுடையன எனவும், இடைவெளி ஓர் எழுத்தளவு எனவும் கொள்வோம். "நூலகம் உள்ள ஊரில் மாலையில் கலந்துரையாடல்" என்ற தொடரில் சொற்களின் நீளம் முறையே 4, 3, 3, 4, 8 எழுத்துக்கள். முதற்பொருத்த முறை பின்வருமாறு முறிக்கும்:

நூலகம் உள்ள ஊரில்
மாலையில்
கலந்துரையாடல்

முதல் வரி 12 எழுத்திடங்களையும் நிரப்புகிறது. ஆனால் இரண்டாம் வரியில் 8 இடங்கள் வெறுமையாக நிற்கின்றன. அவ்வரியில் ஒரே சொல் இருப்பதால் அகட்டுவதற்கு இடைவெளியும் இல்லை. முழுப் பத்தியையும் பார்க்கும் முறை பின்வருமாறு முறிக்கும்:

நூலகம் உள்ள
ஊரில் மாலையில்
கலந்துரையாடல்

இதில் முதலிரு வரிகளிலும் 4 இடங்கள் வீதம் எஞ்சுகின்றன. வெற்றிடத்தின் முப்படியைக் குறையின் அளவாகக் கொண்டால், முதல் அமைப்பின் குறை 0 + 512 = 512; இரண்டாம் அமைப்பின் குறை 64 + 64 = 128. பத்தியின் இறுதி வரி நிரம்பத் தேவையில்லை என்பதால் அது கணக்கில் சேர்க்கப்படவில்லை. முதல் வரியின் நிறைவைச் சற்று விட்டுக்கொடுத்ததால் முழுப் பத்தியின் குறை நான்கில் ஒரு பங்காகிவிட்டது.

எனினும் இரண்டாம் அமைப்பும் சிறந்தது அன்று. நான்கு எழுத்திட வெற்றிடத்தையும் ஒரே இடைவெளி சுமக்க வேண்டியுள்ளது. "கலந்துரை-" எனச் சொல்லைப் பிரிக்க இடந்தந்தால் இரண்டாம் வரி "மாலையில் கலந்துரை-" என 11 இடங்களை நிரப்பும். முதல் வரியும் முன்போலவே முழுமையாக நிரம்பி நிற்கும். குறுகிய வரிகளில் நல்ல வரி முறிப்புப் படிமுறை மட்டும் போதாது, சொற்பிரிப்பும் தேவை என்பதை இது காட்டுகிறது.

முழுப்பத்தி முறை

குனூத்-பிளாஸ் படிமுறை ஒரு பத்தியை மூவகை உறுப்புகளின் வரிசையாகக் காண்கிறது. எழுத்துக்கள் முதலிய நிலையான அகலமுடையவை பெட்டிகள் எனப்படும். நீளவும் சுருங்கவும் கூடிய இடைவெளிகள் பசை எனப்படும். ஓரிடத்தில் வரியை முறிப்பது எவ்வளவு விரும்பத்தகாதது என்பதைக் குறிக்கும் எண் தண்டம் எனப்படும்.

ஒவ்வொரு பசைக்கும் இயல்பான அகலம், நீளும் அளவு, சுருங்கும் அளவு என மூன்று மதிப்புகள் உண்டு. டெக்கின் இயல்பு எழுத்துருவான கம்ப்யூட்டர் மாடர்னின் 10 புள்ளி அளவில், சொல்லிடைவெளி ஏறத்தாழ 3.33 புள்ளி அகலமுடையது, 1.67 புள்ளி நீளலாம், 1.11 புள்ளி சுருங்கலாம். ஒரு வரியை நிரப்பப் பசை எவ்வளவு நீள வேண்டுமோ அதனை, நீளக்கூடிய அளவால் வகுத்துக் கிடைக்கும் விகிதத்தின் முப்படியை 100ஆல் பெருக்கினால் அவ்வரியின் சீர்கேட்டு மதிப்பு கிடைக்கும். விகிதம் 0.5 எனில் சீர்கேடு ஏறத்தாழ 12. விகிதம் 1 எனில் 100. விகிதம் 2 எனில் 800. முப்படி என்பதால் சிறு விலகல்கள் பொறுக்கப்படுகின்றன. பெரு விலகல்கள் கடுமையாகத் தண்டிக்கப்படுகின்றன.

சீர்கேட்டுடன் 10ஐக் கூட்டி இருபடியாக்கி, அவ்விடத்திற்கான தண்டத்தின் இருபடியையும் சேர்த்தால் அவ்வரியின் குறைப்புள்ளிகள் கிடைக்கின்றன. டெக்கின் இயல்பு அமைப்பில் சொல்லைப் பிரிப்பதற்கான தண்டம் 50 ஆகும். எனவே, இடைவெளிகள் சிறிதும் மாறாத ஒரு வரி சிறுகோட்டில் முடிந்தால் 100 + 2500 = 2600 குறைப்புள்ளிகள் பெறும். சிறுகோடில்லாத வரியொன்று இதே அளவு பெற வேண்டுமெனில் அதன் சீர்கேடு ஏறத்தாழ 41 ஆக இருக்க வேண்டும், அதாவது 3.33 புள்ளி இடைவெளி ஏறத்தாழ 4.57 புள்ளியாக நீண்டிருக்க வேண்டும். ஒரு சிறுகோட்டுக்கும் ஓர் அகன்ற வரிக்கும் இடையேயான ஒப்புமையை டெக் இவ்வாறு எண்ணால் வரையறுக்கிறது.

இவற்றுடன் பின்வரும் குறைப்புள்ளிகளும் சேர்க்கப்படுகின்றன:

- அடுத்தடுத்த இரு வரிகள் சிறுகோட்டில் முடிந்தால் 10000.
- இறுதிக்கு முந்தைய வரி சிறுகோட்டில் முடிந்தால் 5000.
- நெருக்கமான வரியும் மிக அகன்ற வரியும் அடுத்தடுத்து வந்தால் 10000.

ஒரு பத்தியில் முறிக்கக்கூடிய இடங்கள் 100 இருப்பின், அவற்றிலிருந்து தேர்ந்தெடுக்கும் வழிகள் 2இன் 100ஆம் அடுக்கு ஆகும். அத்தனையையும் சோதிப்பது இயலாது. ஒவ்வோர் இடத்திலும் அதுவரையிலான மிகச் சிறந்த அமைப்பை மட்டும் நினைவில் கொண்டு முன்னேறும் இயங்குநிலை நிரலாக்கம் என்னும் உத்தியால், குறைப்புள்ளிகளின் கூட்டுத்தொகை மிகக் குறைவாக உள்ள அமைப்பு விரைவாகக் கண்டறியப்படுகிறது.

டெக் இப்பணியைக் கட்டங்களாகச் செய்கிறது. முதற்கட்டத்தில் சொற்களைப் பிரிக்காமலே, எந்த வரியின் சீர்கேடும் 100ஐ மிகாதவாறு அமைக்க முயல்கிறது. இயலாவிடின் இரண்டாம் கட்டத்தில் சொற்களைப் பிரித்து, 200 வரையிலான சீர்கேட்டை ஏற்கிறது. அதுவும் இயலாவிடின், வரி ஓரத்தைத் தாண்டி நீண்டுவிட்டது என அறிவித்து, அதனைத் திருத்தும் பொறுப்பை ஆசிரியரிடம் விடுகிறது. புதிய பயனர்கள் பலர் இதனை டெக்கின் பிழை என எண்ணுவதுண்டு. உண்மையில், வரையறுத்த தரத்திற்குள் விடை இல்லை என்பதை மறைக்காமல் தெரிவிக்கும் எச்சரிக்கை இதுவாகும். கேட்டுக்கொண்டால் மேலும் ஒரு கட்டத்தில் கூடுதல் நெகிழ்ச்சியுடன் முயலும் வசதியும் பின்னர் சேர்க்கப்பட்டது.

சொற்பிரிப்பு முறைகள்

சொற்களைப் பிரிக்க அகராதி முழுவதையும் நினைவில் வைக்கலாம். ஆனால் அது இடத்தைப் பெரிதும் அடைப்பதுடன், அகராதியில் இல்லாத சொல்லைப் பிரிக்கவும் இயலாது. லியாங்கின் முறை, அகராதியிலிருந்து சிறு எழுத்துக்கோலங்களைக் கணினி கொண்டே பிரித்தெடுக்கிறது. ஒவ்வொரு கோலத்திலும் எழுத்துக்களுக்கு இடையே எண்கள் உள்ளன. ஒற்றைப்படை எண் அவ்விடத்தில் பிரிக்கலாம் என்பதையும், இரட்டைப்படை எண் பிரிக்கக்கூடாது என்பதையும் குறிக்கும். ஒரே இடத்தில் பல கோலங்கள் பொருந்தினால் பெரிய எண்ணே வெல்லும்.

விளக்கத்திற்காக 1க, 1ம, 2க், 2ம் என்னும் நான்கு கோலங்களை மட்டும் கொள்வோம். முதலிரண்டும் ககரத்துக்கும் மகரத்துக்கும் முன் பிரிக்கலாம் என்கின்றன. பின்னிரண்டும் அவ்வெழுத்துக்கள் புள்ளி பெற்றிருந்தால் அவற்றுக்கு முன் பிரிக்கக்கூடாது என்கின்றன. "பக்கம்" என்ற சொல்லில் முதற்ககரத்துக்கு முன் 1, 2 ஆகிய இரண்டும் பொருந்துகின்றன; 2 வெல்வதால் அங்குப் பிரிக்க இயலாது. இரண்டாம் ககரத்துக்கு முன் 1 மட்டுமே உள்ளதால் அங்குப் பிரிக்கலாம். மகர ஒற்றுக்கு முன் மீண்டும் 2 வெல்கிறது. ஆகவே "பக்-கம்" என்ற ஒரே பிரிப்பு கிடைக்கிறது.

லியாங் ஆங்கிலத்திற்காக உருவாக்கிய ஏறத்தாழ 4500 கோலங்கள், ஒரு சிற்றகராதியின் பிரிப்பிடங்களில் 89 விழுக்காட்டைக் கண்டறிகின்றன. தவறான பிரிப்புகள் அனேகமாக இல்லை. சுருக்கப்பட்ட முன்னொட்டு மர அமைப்பில் இவை 25 கிலோபைட்டு இடத்தையே எடுத்துக்கொண்டன. சுருக்கப்படாத அகராதிக்கோ 500 கிலோபைட்டுக்கு மேல் தேவைப்பட்டது. தவறாகப் பிரிப்பதை விடப் பிரிக்காமல் விடுவது மேல் என்பதே இம்முறையின் கொள்கையாகும்.

கோலங்களால் தீர்க்க இயலாத சொற்களும் உள்ளன. ஆங்கிலத்தில் "பிரசென்ட்" என்ற சொல் பெயராக வரும்போது எஸ் எழுத்துக்குப் பின்னும், வினையாக வரும்போது அதற்கு முன்னும் பிரிக்கப்படும். பொருளறியாத நிரலால் இதனை முடிவு செய்ய இயலாது. டெக்குடன் வரும் 14 விதிவிலக்குச் சொற்களின் பட்டியலில் இச்சொல் எங்கும் பிரிக்கப்படாததாகவே இடம்பெற்றுள்ளது.

சில மொழிகளில் பிரிக்கும்போது எழுத்தே மாறும். 1996ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ஜெர்மன் மொழி வழக்கில், சர்க்கரையைக் குறிக்கும் "ட்சுக்கர்" என்ற சொல்லின் நடுவே உள்ள சி, கே ஆகிய எழுத்துக்கள் வரியிறுதியில் பிரிக்கப்படும்போது கே, கே என மாறின. பிரிக்கும்போதும் பிரிக்காதபோதும் வெவ்வேறு எழுத்துக்களைக் காட்டும் வசதி டெக்கில் உள்ளது. ஆயினும் கோலங்கள் வழியே இது தானாக நிகழ்வதில்லை.

மென்பொருட்களின் ஒப்பீடு

டெக், லாடெக்: முழுப்பத்தி முறையையும் லியாங்கின் சொற்பிரிப்பையும் பயன்படுத்துகின்றன. தண்டங்கள், பொறுதி அளவுகள் ஆகிய அனைத்தையும் பயனர் மாற்றலாம். 1990இல் வெளியான டெக் 3, ஒரே ஆவணத்தில் பல மொழிகளின் சொற்பிரிப்பு விதிகளைப் பயன்படுத்த வழிசெய்தது.

பிடிஎஃப்டெக்: ஹான் தெ தான் 2000ஆம் ஆண்டில் செக் குடியரசின் மாசரிக் பல்கலைக்கழகத்தில் அளித்த ஆய்வேட்டின் வழியே இரு வசதிகள் இதில் இடம்பெற்றன. நிறுத்தற்குறிகளையும் சிறுகோடுகளையும் சற்றே ஓரத்துக்கு வெளியே தள்ளுவது ஒன்று. கண்ணுக்குப் புலப்படாத அளவில் எழுத்துக்களையே அகட்டிச் சுருக்குவது மற்றொன்று. லாடெக்கின் மைக்ரோடைப் தொகுப்பு இயல்பாக 2 விழுக்காடு வரை இவ்வாறு மாற்றுகிறது. இடைவெளிகளின் சுமையை எழுத்துக்களும் பகிர்ந்துகொள்வதால் சிறுகோடுகள் குறைகின்றன. இக்கருத்துக்கு முன்னோடியாக அமைந்தது எழுத்துரு வடிவமைப்பாளர் ஹெர்மன் சாப் பங்காற்றிய எச்இசட் நிரலாகும்.

சீடெக், லுவாடெக்: ஜோனதன் கியூ 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட சீடெக், ஒருங்குறி உரையையும் ஓப்பன்டைப் எழுத்துருக்களையும் நேரடியாக ஏற்கிறது. 2016இல் தனது முதல் முழுப் பதிப்பை எட்டிய லுவாடெக், சொற்பிரிப்பு, எழுத்திணைப்பு, வரி முறிப்பு ஆகியவற்றைத் தனித்தனிக் கட்டங்களாக்கி, பயனரின் நிரல்களால் அவற்றை மாற்ற இடந்தருகிறது.

துராஃப், குரூஃப்: வரி முறிப்பில் முதற்பொருத்த முறையைப் பின்பற்றுகின்றன. ஜேம்ஸ் கிளார்க் எழுதிய குரூஃப், சொற்பிரிப்புக்கு டெக்கின் கோலங்களையே பயன்படுத்துகிறது. எனவே இவ்விரண்டையும் ஒப்பிட்டால், சொற்பிரிப்பு விதிகள் ஒன்றாக இருந்தும் பத்திகள் ஏன் வேறுபடுகின்றன என்பது தெளிவாக விளங்கும். ஏர்லூம் துராஃப் என்னும் வடிவத்தில் முழுப்பத்தி முறை சேர்க்கப்பட்டுள்ளது.

அடோபி இன்டிசைன்: 1999ஆம் ஆண்டில் வெளியான முதற்பதிப்பிலேயே பல வரிகளை ஒருசேர ஆராயும் அமைப்பைக் கொண்டிருந்தது. ஒற்றைவரி அமைப்பையும் பயனர் தெரிவு செய்யலாம். சொல்லிடைவெளி இயல்பாக 80 விழுக்காடு முதல் 133 விழுக்காடு வரை மாற இடமுண்டு. இவ்வெல்லையை மீறிய வரிகளை நிறமிட்டுக் காட்டும் வசதியும் உள்ளது. இந்திய எழுத்துக்களுக்கு உலகமொழி அமைப்பி எனப்படும் தனி அமைப்பைத் தெரிவு செய்ய வேண்டும்.

சொற்செயலிகள்: மைக்ரோசாஃப்ட் வேர்டு, லிப்ரே ஆஃபிஸ் ரைட்டர் ஆகியன வரிவரியாகவே முறிக்கின்றன. லிப்ரே ஆஃபிஸ் சொற்பிரிப்புக்கு லியாங் முறையிலான கோலங்களைப் பயன்படுத்துகிறது.

உலாவிகள்: பக்கத்தின் அகலம் மாறும்போதெல்லாம் வரிகளை மீண்டும் முறிக்க வேண்டியிருப்பதால், உலாவிகள் நெடுங்காலம் முதற்பொருத்த முறையையே பின்பற்றின. பத்தியை அழகாக முறிக்கக் கோரும் பாணி விதி 2023ஆம் ஆண்டில் குரோம் 117இல் இடம்பெற்றது. அது பத்தியின் இறுதி வரிகளை மட்டுமே சீர்செய்தது. 2025இல் வெளியான சஃபாரி 26 முழுப் பத்தியையும் கருத்தில் கொள்கிறது. உலாவிகளில் சொற்பிரிப்பு இயங்க, உரையின் மொழி இன்னதெனப் பக்கத்தில் குறிப்பிடப்பட்டிருத்தல் வேண்டும்.

டைப்ஸ்ட்: 2023ஆம் ஆண்டில் பொதுப் பயன்பாட்டுக்கு வெளியான கட்டற்ற மென்பொருள். இருபுறச் சீர்மை கோரப்பட்டால் முழுப்பத்தி முறையையும், கோரப்படாவிடின் முதற்பொருத்த முறையையும் தானே தெரிவு செய்கிறது.

ஒப்பிடும்போது கவனிக்க வேண்டியவை

இரு மென்பொருட்களின் தரத்தை ஒப்பிடும்போது உரை, எழுத்துரு, வரி அகலம், சொல்லிடைவெளியின் எல்லைகள், சொற்பிரிப்பு விதிகள் ஆகியன ஒன்றாக இருத்தல் வேண்டும். இவற்றில் ஒன்று மாறினாலும் காணப்படும் வேறுபாடு படிமுறையால் வந்ததா, அமைப்பால் வந்ததா எனக் கூற இயலாது. டெக்கின் குறைப்புள்ளிகளையே அளவுகோலாகக் கொண்டால், அவற்றைக் குறைப்பதற்கென்றே எழுதப்பட்ட டெக் வெல்வது இயல்பே. எனவே சொல்லிடைவெளிகளின் பரவல், சிறுகோடுகளின் எண்ணிக்கை, தொடர் சிறுகோடுகள், ஓரத்தைத் தாண்டிய வரிகள் ஆகியவற்றைத் தனித்தனியே எண்ணுவது நேர்மையான ஒப்பீடாகும். அகன்ற வரிகளில் முறைகளுக்கிடையே வேறுபாடு குறைவு. குறுகிய வரிகளிலேயே அது வெளிப்படுகிறது. வலப்புற ஓரத்தை நேர்செய்யாமல் விட்டால் இடைவெளிகள் மாறுவதில்லை என்பதால் வேறுபாடு மேலும் குறையும்.

முழுப்பத்தி முறைக்கும் வரம்புகள் உள்ளன. இறுதி வரியில் ஒரு சொல்லைத் திருத்தினால் முதல் வரியும் மாறக்கூடும். அச்சுக்குச் செல்லும் தறுவாயில் ஒரு பிழையைத் திருத்தும் பதிப்பாசிரியர், அப்பத்தி முழுவதையும் மீண்டும் பார்வையிட வேண்டியுள்ளது. டெக்கின் குறைப்புள்ளிக் கணக்கில் ஆறுகளுக்கு இடமில்லை. இடைவெளிகள் சீராவதால் அவை குறைகின்றன, ஆனால் தடுக்கப்படுவதில்லை. மேலும், இம்முறை பத்தியை மட்டுமே நோக்குகிறது. பக்கங்களைப் பிரிப்பது தனிச் சிக்கலாகும்.

தமிழில்

ஓலைச்சுவடிகளில் சொற்களுக்கிடையே இடைவெளியின்றி எழுதப்பட்டு, ஓலையின் விளிம்பு வந்த இடத்தில் வரி முறிந்தது. அச்சு வந்த பின்னரும், சிறுகோடு இடாமலே சொல்லின் எஞ்சிய பகுதியை அடுத்த வரிக்குக் கொண்டுசெல்லும் வழக்கம் தமிழ் நூல்களிலும் நாளிதழ்களிலும் நெடுங்காலமாக உள்ளது. புள்ளி பெற்ற மெய்யெழுத்தில் வரியைத் தொடங்குவதில்லை என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் மரபாகும்.

தமிழ் ஒட்டுநிலை மொழி என்பதால் வேற்றுமை உருபுகளும், இடைச்சொற்களும், துணைவினைகளும் சொல்லுடன் சேர்ந்து நீண்ட சொற்களை உருவாக்குகின்றன. சொற்கள் நீண்டால் ஒரு வரியில் அடங்கும் சொற்கள் குறையும், இடைவெளிகளும் குறையும். மூன்று சொற்களே உள்ள வரியில் எஞ்சும் இடம் முழுவதும் இரண்டு இடைவெளிகளில் சென்று சேர்கிறது. சொற்பிரிப்பு இல்லாத மென்பொருளில் இருபுறச் சீர்மையுடன் அமைக்கப்படும் தமிழ்ப் பத்திகளில் பெரும் வெற்றிடங்கள் தோன்றுவதற்கு இதுவே காரணம். இக்குறையை முழுப்பத்தி முறையால் மட்டும் நீக்க இயலாது.

டெக் மென்பொருட்களுக்கான சொற்பிரிப்புக் கோலங்களை ஒருங்குறியில் திரட்டும் பணி 2008ஆம் ஆண்டில் தொடங்கியது. இத்தொகுப்பில் தமிழும் இடம்பெற்றுள்ளது. ஆங்கிலக் கோலங்களைப் போல இவை அகராதியிலிருந்து பெறப்பட்டவை அல்ல. எழுத்தின் இயல்பைக் கொண்டு கையால் எழுதப்பட்ட சில விதிகளே. இவை எழுத்து உடைவதைத் தடுக்கின்றன. சொல்லின் உறுப்புகளை அறிவதில்லை.

முன்னர்க் கண்ட "கலந்துரையாடல்" என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். எழுத்தை மட்டும் பார்க்கும் விதிகளின்படி "கலந்-துரையாடல்", "கலந்து-ரையாடல்", "கலந்துரை-யாடல்" ஆகிய மூன்றும் சமமே. ஆனால் முதற்பிரிப்பில் அடுத்த வரி "துரை" எனத் தொடங்கி வாசகரை மயக்குகிறது. "கலந்து", "உரையாடல்" ஆகிய இரு சொற்களின் உண்மையான எல்லையோ "து" என்ற ஒரே எழுத்துக்குள் உள்ளது. தகர மெய்யையும் உகரத்தையும் பிரிக்க எழுத்து முறையில் வழியில்லை. புணர்ச்சி விகாரம் பெற்ற சொற்களில் எந்த இடம் குறைந்த தீங்குடையது எனத் தேர்வதற்கு, புணர்ச்சியைக் குறித்த சொற்பட்டியல் தேவைப்படுகிறது. அத்தகைய பட்டியல் இருப்பின், ஏற்ற இடங்களுக்குக் குறைந்த தண்டமும் பிற இடங்களுக்கு மிகுந்த தண்டமும் அளித்து, வரி முறிப்புப் படிமுறையை மாற்றாமலே தரத்தை உயர்த்தலாம்.

மேலும் இரு நடைமுறைச் சிக்கல்கள் குறிப்பிடத்தக்கவை. சொல்லின் தொடக்கத்தில் குறைந்தது இரண்டு எழுத்துக்களை விட்டே பிரிக்க வேண்டும் என்ற டெக்கின் இயல்பு விதி, ஒருங்குறிக் குறியீடுகளையே எண்ணுகிறது. "கா" என்பது தமிழில் ஓரெழுத்து. ஒருங்குறியில் இரண்டு குறியீடுகள். ஆகவே ஓரெழுத்து மட்டும் வரியிறுதியில் தனித்து நிற்க நேரிடும். இவ்வெண்ணை உயர்த்துவதன் மூலம் இதனைத் தவிர்க்கலாம். சிறுகோடு வேண்டாதவர்கள் சீடெக், லுவாடெக் ஆகியவற்றில் சிறுகோட்டுக்குரிய எழுத்தை வேறொன்றாக மாற்றித் தமிழ் மரபைப் பின்பற்றலாம்.